முதுநிலை மருத்துவ இடத்தெரிவு

முதுநிலை மருத்துவ இடத்தெரிவு என்பது, எம்.பி.பி.எஸ். முடித்த மருத்துவர் ஒருவர் எம்.டி., எம்.எஸ். முதலிய மேற்படிப்புகளில் சேர்வதற்கு எத்தனை கல்லூரிகளை, எந்தெந்தத் துறைகளில், எந்த வரிசையில் நாடுவது என்று முடிவு செய்வதைக் குறிக்கும். இந்தியாவில் இது, கலந்தாய்வின் விருப்பப் பட்டியலில் எத்தனை இடங்களைக் குறிப்பது என்ற கேள்வியாக எழுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் இதுவே எத்தனை மருத்துவமனைகளின் நேர்முகத் தேர்வுக்குச் செல்வது என்ற கேள்வியாக எழுகிறது. இரு கேள்விகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் அவற்றின் விடைகள் வேறானவை. கலந்தாய்வில் ஒரு விருப்பத்தைக் கூடுதலாகச் சேர்ப்பதற்குத் தனிச் செலவு இல்லை. நேர்முகத் தேர்விலோ ஒவ்வொன்றுக்கும் நேரமும் உழைப்பும் செலவாகின்றன.

பட்டியல் மிகக் குறுகியதாக இருந்தால் ஓர் ஆண்டு வீணாகலாம். விரும்பாத இடங்களையும் சேர்த்து நீட்டினால், மனத்திற்கு ஒவ்வாத துறையில் மூன்றாண்டுப் படிப்பும் அதைத் தொடர்ந்து வாழ்நாள் முழுவதும் அதே தொழிலும் அமையலாம். ஆகையால் இம்முடிவு மருத்துவ மாணவர் வாழ்வில் முக்கியமான ஒன்றாகும்.

பின்னணி

மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே சிறப்புத் துறை ஒன்றைக் கற்கும் முறையே உறைவிட மருத்துவப் பயிற்சி ஆகும். 1889இல் ஐக்கிய அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் இதற்கு முறையான வடிவம் கொடுத்தார். இந்தியாவில் எம்.டி., எம்.எஸ். படிப்புகள் மூன்றாண்டுக் காலம் கொண்டவை. இவற்றைப் பயில்வோர் மாணவராகவும் உதவித்தொகை பெறும் மருத்துவராகவும் ஒருங்கே இருப்பர்.

வட சென்னையில் இத்தகைய பயிற்சிக்குரிய முதன்மையான நிறுவனம், ராயபுரத்தை ஒட்டிய பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி ஆகும். 1782இல் பஞ்சத்தின்போது தொடங்கப்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் கஞ்சித் தொட்டியே இதன் தொடக்கம் என்பதால், மக்கள் வழக்கில் இது நெடுங்காலம் கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி என்று அழைக்கப்பட்டது. 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் பிரெடரிக் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கிய இந்நிறுவனம் 1938இல் கல்லூரியாக உயர்ந்தது. ராயபுரத்தில் உள்ள ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை இக்கல்லூரியுடன் இணைந்தது. இந்தியாவில் கை அறுவை மருத்துவத்தைத் தனித் துறையாக வளர்த்தெடுத்த இடங்களுள் ஸ்டான்லி முன்னோடி ஆகும். துறைமுகம், எண்ணூர், திருவொற்றியூர் தொழிற்சாலைகள் ஆகியவற்றைச் சூழ்ந்து வாழும் உழைக்கும் மக்களே இதன் நோயாளிகளில் பெரும்பகுதியினர். பல வகையான நோய்களையும் காயங்களையும் நேரில் கண்டு கற்க முடியும் என்பதால் இக்கல்லூரியின் முதுநிலை இடங்களுக்குப் போட்டி மிகுதி.

வரலாறு

நேரடிக் கலந்தாய்வு

தமிழ்நாட்டில் முதுநிலை இடங்கள் முன்னர் மாநில அரசின் நுழைவுத் தேர்வு மூலமும், அதனைத் தொடர்ந்த நேரடிக் கலந்தாய்வு மூலமும் நிரப்பப்பட்டன. தர வரிசைப்படி மாணவர்கள் சென்னைக்கு அழைக்கப்பட்டனர். தம் முறை வரும்போது எஞ்சியிருக்கும் இடங்களைப் பார்த்து அவற்றுள் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுத்தனர். இம்முறையில் விருப்பப் பட்டியல் தேவைப்படவில்லை. எது மீதம் உள்ளது என்பது கண்முன்னே தெரிந்ததால், எத்தனை இடங்களை எழுதுவது என்ற கேள்வியே எழவில்லை.

2020களின் தொடக்கத்தில் மாநிலக் கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. இதன்பின், எது மீதம் இருக்கும் என்று அறியாமலேயே மாணவர் தம் விருப்பங்கள் அனைத்தையும் முன்கூட்டியே வரிசைப்படுத்த வேண்டியதாயிற்று. பயணமும் காத்திருப்பும் குறைந்தன. அதே வேளையில், அரங்கில் சில நிமிடங்களில் எடுத்த முடிவை வீட்டிலிருந்தே, எல்லாச் சூழல்களையும் எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டிய பொறுப்பு மாணவர்மேல் விழுந்தது.

மருத்துவமனைகளின் நேர்முகத் தேர்வுகள்

இந்தியாவிலும் நேர்முகத் தேர்வு முறை ஓரளவு நிலவியது. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. படிப்புக்கு, தகுதித் தேர்வில் தேறியவர்களை மருத்துவமனைகள் தாமே நேர்முகத் தேர்வு நடத்திச் சேர்த்துக்கொண்டன. மாணவர்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டியிருந்தது. 2010களின் தொடக்கத்தில் டி.என்.பி. இடங்களும் தர வரிசைவழி மையக் கலந்தாய்வுக்குள் கொண்டுவரப்பட்டன. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கே பல நாள் நேர்முகத் தேர்வு நடத்தியது. சிறுபான்மை நிறுவனங்களும் நீட் தேர்வு வழியாகவே மாணவரைச் சேர்க்க வேண்டும் என்று 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நீட் முதுநிலைத் தேர்வு

2017ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் நீட் முதுநிலைத் தேர்வு நாடு முழுமைக்கும் பொதுவானது. இப்போது 200 வினாக்களுக்கு 800 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 மதிப்பெண்கள் வழங்கப்படும். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிக்கப்படும். எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், பெங்களூர் நிம்ஹான்ஸ் முதலிய நிறுவனங்கள் இதில் சேராமல், 2021 முதல் ஐ.என்.ஐ.-சி.இ.டி. என்ற தனித் தேர்வு வழியாக மாணவரைச் சேர்க்கின்றன.

இடங்களின் பகிர்வு

அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் 50 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டிற்குச் செல்கிறது. எஞ்சிய 50 விழுக்காடு மாநில ஒதுக்கீடு ஆகும். ஒரே கல்லூரியின் ஒரே துறையில்கூட இரு வகை இடங்கள் இருக்கும். இரண்டிற்கும் தனித்தனிக் கலந்தாய்வு நடைபெறுகிறது.

* அகில இந்திய ஒதுக்கீடு: பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு இடங்கள் உண்டு. 2021-22 சேர்க்கை முதல் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10 விழுக்காடு இடங்களும் ஒதுக்கப்படுகின்றன.
* மாநில ஒதுக்கீடு: தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இட ஒதுக்கீடு பின்பற்றப்படுகிறது.
* பணியில் உள்ள அரசு மருத்துவர்கள்: இவர்களுக்குத் தனி ஒதுக்கீடு அளிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது.

வசிப்பிடத்தின் அடிப்படையில் முதுநிலை மருத்துவ இடங்களை ஒதுக்குவது அரசமைப்புக்கு முரணானது என்று 2025 ஜனவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. தம் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களுக்கு ஓரளவு முன்னுரிமை தருவதை அத்தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

இப்பகிர்வின் விளைவாக, ஒரு மாணவரின் வாய்ப்பை அவருடைய தர வரிசை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்த ஒதுக்கீட்டில், எந்தப் பிரிவில் போட்டியிடுகிறார் என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. ஆகவே நண்பர் ஒருவரின் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதுவது பயன் தராது.

கலந்தாய்வு செயற்படும் முறை

இணையவழிக் கலந்தாய்வின் அடிப்படை எளிமையானது. கணினி முதல் தர வரிசையில் உள்ளவரை எடுத்துக்கொண்டு, அவருடைய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கிறது. அவருக்குத் தகுதியுள்ள, இன்னும் நிரம்பாத முதல் இடம் அவருக்கு ஒதுக்கப்படுகிறது. பின்னர் அடுத்தவர் பட்டியல் பார்க்கப்படுகிறது. இட ஒதுக்கீட்டுப் பிரிவுகள் இதனைச் சற்றுச் சிக்கலாக்கினாலும் அடிப்படை மாறுவதில்லை.

எடுத்துக்காட்டாக, ஒரு கட்டத்தில் மூன்று இடங்கள் மட்டும் மீதம் உள்ளதாகக் கொள்வோம்: ஸ்டான்லியில் பொது மருத்துவம், கீழ்ப்பாக்கத்தில் குழந்தை மருத்துவம், திருநெல்வேலியில் பொது மருத்துவம். அ, ஆ, இ என்னும் மூவர் இதே தர வரிசையில் வருகின்றனர். மூவருமே ஸ்டான்லியை முதலிலும் கீழ்ப்பாக்கத்தை இரண்டாவதாகவும் எழுதி, அத்துடன் நிறுத்திவிட்டனர்.

அ என்பவர் ஸ்டான்லியையும் ஆ என்பவர் கீழ்ப்பாக்கத்தையும் பெறுவர். இ என்பவருக்கு எதுவும் கிடைக்காது. திருநெல்வேலி இடம் அவருக்குப் பின்னால் உள்ள ஒருவருக்குச் செல்லும். இ என்பவர் திருநெல்வேலியை மூன்றாவதாக எழுதியிருந்தால் அது அவருக்கே கிடைத்திருக்கும். அவ்வாறு எழுதியதால் ஸ்டான்லியைப் பெறும் அவரது வாய்ப்பு சிறிதும் குறைந்திருக்காது. மேலே உள்ள விருப்பங்கள் அனைத்தும் நிரம்பிய பின்னரே கணினி கீழே உள்ளதைப் பார்க்கிறது என்பதே இதற்குக் காரணம்.

இனி ஆ என்பவர், ஸ்டான்லி எப்படியும் கிடைக்காது என்று அஞ்சி, எளிதாகக் கிடைக்கும் என்று கருதிய திருநெல்வேலியை முதலிலும் கீழ்ப்பாக்கத்தை இரண்டாவதாகவும் எழுதினார் என்று கொள்வோம். கீழ்ப்பாக்கம் காலியாக இருந்தும் அவருக்குத் திருநெல்வேலியே ஒதுக்கப்படும். அவர் உண்மையில் கீழ்ப்பாக்கத்தையே விரும்பியிருந்தால், இழப்பு அவரே வருவித்துக்கொண்டது ஆகும்.

எத்தனை விருப்பங்கள்?

மேற்கண்ட எடுத்துக்காட்டிலிருந்து இரு விதிகள் கிடைக்கின்றன.

1. வரிசை உண்மையான விருப்பத்தின்படி இருக்க வேண்டும். கிடைக்குமா, கிடைக்காதா என்ற கணிப்பு வரிசையை மாற்றக் கூடாது.
2. கிடைத்தால் சேர்வேன் என்று சொல்லக்கூடிய எல்லா இடங்களையும் எழுத வேண்டும். கிடைத்தாலும் சேர மாட்டேன் என்னும் இடங்களை எழுதக் கூடாது.

அகில இந்தியக் கலந்தாய்வில் விருப்பங்களின் எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு இல்லை. ஆகவே எத்தனை விருப்பங்கள் என்ற கேள்விக்கு, எண் ஒன்றை விடையாகத் தர இயலாது. முந்தைய ஆண்டின் இறுதித் தர வரிசை எண்களைப் பார்ப்பதன் பயன், எதிர்பார்ப்பை ஒழுங்குபடுத்திக்கொள்வது மட்டுமே ஆகும். அவற்றைக் கொண்டு பட்டியலின் மேற்பகுதியை வெட்டுவது தேவையற்றது. கீழ்ப்பகுதியை எங்கே நிறுத்துவது என்பதே உண்மையான முடிவு.

கீழ் எல்லையைத் தீர்மானிப்பவை

பட்டியலின் கடைசி இடம், ஓராண்டு காத்திருந்து மீண்டும் தேர்வு எழுதுவதைவிடச் சற்றேனும் மேலானதாக இருக்க வேண்டும். அதற்குக் கீழ் உள்ள எதையும் எழுதத் தேவையில்லை. இந்த எல்லை ஒவ்வொருவருக்கும் வேறுபடும். பின்வருவன பொதுவாகக் கருத்தில் கொள்ளப்படுகின்றன.

* துறையா, ஊரா: டோல்கேட்டில் முதிய பெற்றோருடன் வசிக்கும் பயிற்சி மருத்துவர் ஒருவருக்கு ஸ்டான்லி, சென்னை மருத்துவக் கல்லூரி, கீழ்ப்பாக்கம் ஆகியவை வீட்டிலிருந்து சென்றுவரக் கூடியவை. 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை-விம்கோ நகர் மெட்ரோ தொடருந்து வழி திறக்கப்பட்ட பின் இப்பயணம் மேலும் எளிதாயிற்று. அவர் சென்னையில் விருப்பமற்ற துறையையும் வெளியூரில் விருப்பமான துறையையும் ஒப்பிட நேரலாம். இதற்குப் பொது விடை இல்லை. எனினும், பயிற்சிக் காலம் மூன்று ஆண்டுகள் என்பதையும், துறை வாழ்நாளுக்கு உரியது என்பதையும் நினைவிற் கொள்வது நன்று.
* ஒப்பந்தப் பத்திரம்: பல மாநிலங்கள் படிப்பு முடிந்தபின் அரசுப் பணி செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம் பெறுகின்றன. கால அளவும், மீறினால் செலுத்த வேண்டிய தொகையும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபடுகின்றன. வெளிமாநில இடத்தை எழுதுமுன் இதனை அறிய வேண்டும்.
* உதவித்தொகையும் கட்டணமும்: அரசுக் கல்லூரிகளுக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே கட்டண வேறுபாடு மிகப் பெரிது. குடும்பத்தால் கட்ட இயலாத கட்டணமுள்ள இடத்தை எழுதுவது, இல்லாத விருப்பத்தை எழுதுவதே ஆகும்.
* மொழி: வெளிமாநிலத்தில் நோயாளியின் மொழி அறியாதவர், முதல் சில மாதங்கள் இடர்ப்பட நேரும். மனநல மருத்துவம் போன்ற துறைகளில் இது மேலும் முக்கியம்.

சுற்றுகளும் இழப்புகளும்

2021-22 சேர்க்கை முதல் அகில இந்தியக் கலந்தாய்வு மூன்று சுற்றுகளும் இறுதி எஞ்சிய இடச் சுற்றும் கொண்டதாக நடைபெறுகிறது. முதற் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விடுவதற்குத் தண்டனை இல்லை. இரண்டாம் சுற்றில் கிடைத்ததை விட்டால் வைப்புத்தொகை பறிபோகும். எஞ்சிய இடச் சுற்றில் கிடைத்ததை விட்டால், வைப்புத்தொகை இழப்புடன் அடுத்த தேர்வுக்குத் தடையும் விதிக்கப்படும். இத்தொகை அகில இந்திய ஒதுக்கீட்டில் பொதுப் பிரிவினருக்கு 25,000 ரூபாய், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 10,000 ரூபாய், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு 2,00,000 ரூபாய் என்று இருந்துவந்துள்ளது. விதிகள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால் அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் படிப்பது இன்றியமையாதது.

ஆகவே பட்டியலின் நீளம் சுற்றுக்குச் சுற்று மாற வேண்டும். முதற் சுற்றில் நீண்ட பட்டியலால் தீங்கில்லை. பிந்தைய சுற்றுகளில், சேர உறுதியாக உள்ள இடங்கள் மட்டுமே பட்டியலில் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஓர் இடத்தில் சேர்ந்து மேம்பாடு கோருபவர், இருப்பதைவிட உறுதியாக மேலான இடங்களை மட்டும் எழுத வேண்டும். மேம்பாடு கிடைத்தவுடன் பழைய இடம் தானாகவே மற்றவருக்குச் சென்றுவிடும். அதற்குத் திரும்ப வழியில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் நேர்முகத் தேர்வுகள்

தமிழ்நாட்டு மருத்துவர்கள் பலர் உறைவிடப் பயிற்சிக்காக ஐக்கிய அமெரிக்கா செல்கின்றனர். அவர்கள் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளில் தேறி, இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழ் பெற வேண்டும். அங்கே தேர்வு மதிப்பெண் மட்டும் இடத்தைத் தீர்மானிப்பதில்லை. மருத்துவமனைகள் விண்ணப்பங்களைப் பார்த்துச் சிலரை மட்டும் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கின்றன.

பொருத்துதல் முறை

1940களில் அமெரிக்க மருத்துவமனைகள் நல்ல மாணவர்களைப் பிடிக்கப் போட்டியிட்டு, படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே இடம் தர முன்வந்தன. பின்னர் நாள் கட்டுப்பாடு வந்தபோது, மாணவர் விடை சொல்லத் தரப்பட்ட அவகாசம் ஆண்டுக்காண்டு சுருங்கியது. இக்குழப்பத்தைத் தீர்க்க 1952இல் தேசியப் பொருத்துதல் முறை தொடங்கப்பட்டது. மாணவரும் மருத்துவமனையும் தனித்தனியே விருப்ப வரிசை தருகின்றனர். இரண்டையும் ஒரு படிமுறை பொருத்துகிறது. 1962இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி ஆகியோர் இத்தகைய பொருத்துதலின் கணிதத்தை வெளியிட்டனர். 1998இல் ஆல்வின் ரோத், எலியட் பெரான்சன் ஆகியோர் வடிவமைத்த, மாணவர் பக்கமிருந்து தொடங்கும் படிமுறை நடைமுறைக்கு வந்தது. ரோத்துக்கும் ஷேப்லிக்கும் 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. முடிவு மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை வெளியாகிறது.

இங்கும் உண்மையான விருப்பத்தின்படி வரிசைப்படுத்துவதே நன்மை தரும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பொதுவாக நேர்முகத் தேர்வுக்கு வந்தவரையே மருத்துவமனை தன் வரிசையில் சேர்க்கும். எனவே பட்டியலின் நீளத்தை நேர்முகத் தேர்வுகளின் எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

எத்தனை நேர்முகத் தேர்வுகள்?

ஒவ்வொரு நேர்முகத் தேர்விலும் இடம் கிடைக்கும் நிகழ்தகவு சமம் என்றும், ஒன்றின் முடிவு மற்றொன்றைச் சாராதது என்றும் எளிமைக்காகக் கொள்வோம். ஒன்றில் கிடைக்கும் நிகழ்தகவு 20 விழுக்காடு என்றால், குறைந்தது ஓர் இடமேனும் கிடைக்கும் நிகழ்தகவு பின்வருமாறு அமையும்.

* 1 நேர்முகத் தேர்வு: 20 விழுக்காடு
* 3 நேர்முகத் தேர்வுகள்: 49 விழுக்காடு
* 5 நேர்முகத் தேர்வுகள்: 67 விழுக்காடு
* 10 நேர்முகத் தேர்வுகள்: 89 விழுக்காடு
* 15 நேர்முகத் தேர்வுகள்: 96 விழுக்காடு
* 20 நேர்முகத் தேர்வுகள்: 99 விழுக்காடு

ஐந்திலிருந்து பத்துக்குச் செல்லும்போது 22 புள்ளிகள் கூடுகின்றன. பதினைந்திலிருந்து இருபதுக்குச் செல்லும்போது ஏறத்தாழ 2 புள்ளிகளே கூடுகின்றன. அழைப்பு குறைவாக உள்ளவர் ஒன்றையும் தவிர்க்கக் கூடாது என்பதும், மிகுதியாக உள்ளவர் சிலவற்றைத் தயங்காமல் விடலாம் என்பதும் இதன் பொருள்.

இக்கணக்கின் குறைபாட்டையும் அறிய வேண்டும். நடைமுறையில் முடிவுகள் ஒன்றையொன்று சாராதவை அல்ல. ஒருவருடைய பேச்சிலோ பரிந்துரைக் கடிதத்திலோ உள்ள குறை எல்லா மருத்துவமனைகளிலும் தொடரும். அத்தகையவருக்குப் பத்து நேர்முகத் தேர்வுகளும் ஒரே தேர்வைப் பத்து முறை எழுதியதற்கு நிகர். அவருக்கு எண்ணிக்கையைவிட ஆயத்தமே உதவும். மேலும், போட்டி மிகுந்த தோல் மருத்துவம், நரம்பியல் அறுவை ஆகியவற்றில் ஒரு நேர்முகத் தேர்வின் மதிப்பு குறைவு. குடும்ப மருத்துவத்தில் அது கூடுதல்.

வெளிநாட்டினர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளில், அண்மை ஆண்டுகளில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேருக்கே இடம் கிடைத்துள்ளது. மருத்துவமனை ஜே-1 அல்லது எச்-1பி நுழைவிசைவுக்கு உதவுமா என்பதை நேர்முகத் தேர்வை ஏற்கும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். உதவாத இடத்தின் நேர்முகத் தேர்வைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பதுக்கல் சிக்கல்

2020 வரை நேர்முகத் தேர்வுக்கு நேரில் செல்ல வேண்டியிருந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பின் பெரும்பாலானவை இணையவழியில் நடைபெறுகின்றன. விமானக் கட்டணம் மிச்சமானது இந்திய மாணவர்களுக்குப் பெரும் நன்மை. ஆனால் முன்னணி மாணவர்கள் தேவைக்கு மேல் அழைப்புகளை ஏற்கவும் இது இடமளித்தது. ஒருவர் தேவையின்றி அமரும் ஒவ்வொரு நேர்முகத் தேர்வும் வேறொருவருக்குக் கிடைக்காமற் போன வாய்ப்பாகும். இதற்கு மாற்றாக, மாணவர் தாம் சிறப்பாக விரும்பும் சில மருத்துவமனைகளுக்கு மட்டும் விருப்பக் குறி அனுப்பும் முறை 2020-21இல் காது, மூக்கு, தொண்டை மருத்துவத்தில் தொடங்கிப் பிற துறைகளுக்கும் பரவியது.

காலி இடங்கள்

தனி மனிதரின் தெரிவு பொதுவிளைவையும் ஏற்படுத்துகிறது. 2021ஆம் ஆண்டின் நீட் முதுநிலைக் கலந்தாய்வுக்குப் பின் 1,456 இடங்கள் காலியாக இருந்தன. அவற்றை நிரப்பச் சிறப்புச் சுற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2022 ஜூன் 10 அன்று உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இவ்விடங்களில் பெரும்பாலானவை நோயாளிகளை நேரில் பார்க்காத துறைகளைச் சேர்ந்தவை. 2023 செப்டம்பரில், காலி இடங்களை நிரப்பும் பொருட்டுத் தகுதிச் சதமானம் எல்லாப் பிரிவினருக்கும் சுழியமாகக் குறைக்கப்பட்டது.

சேர மனமில்லாத இடத்தை எழுதி, பின்னர் சேராமல் விடுவது அவ்விடம் வீணாகும் வழிகளுள் ஒன்று. அரசு மருத்துவமனையில் ஓர் உறைவிட மருத்துவரின் இடம் காலியாக இருந்தால், அவர் பார்க்க வேண்டிய நோயாளிகளின் சுமை மற்ற மருத்துவர்மேல் ஏறும். ஸ்டான்லி போன்ற நெரிசல் மிகுந்த மருத்துவமனைகளில் இது இரவுப் பணி நேரத்தை நீட்டுகிறது. வெளிநோயாளர் வரிசையையும் நீட்டுகிறது.

ஒப்பீடு

* இந்தியக் கலந்தாய்வு: கூடுதல் விருப்பத்திற்குத் தனிச் செலவு இல்லை. சேர மனமுள்ள அனைத்தையும் எழுதலாம். தவறான இடத்தை எழுதுவதன் விலை பிந்தைய சுற்றுகளில் உயர்கிறது.
* அமெரிக்கப் பொருத்துதல்: ஒவ்வொரு நேர்முகத் தேர்வுக்கும் செலவு உண்டு. ஓர் எண்ணிக்கைக்கு மேல் கிடைக்கும் பயன் விரைவாகக் குறைகிறது.
* பிரித்தானிய முறை: பெரும்பாலான துறைகளில் நாடு முழுமைக்கும் ஒரே நேர்முகத் தேர்வு நடத்தப்பட்டு, அதன் தர வரிசைப்படி இடங்கள் தெரிவு செய்யப்படுகின்றன. இது முன்னைய இரண்டிற்கும் இடைப்பட்டது எனலாம்.

மூன்று முறைகளிலும் மாறாத ஒன்று உண்டு. வரிசையை அச்சத்தின்படி அமைக்காமல் விருப்பத்தின்படி அமைப்பவருக்கு, அவருடைய தர நிலைக்குக் கிடைக்கக்கூடியவற்றுள் மேலானதே கிடைக்கிறது.

இவற்றையும் பார்க்க

* ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி
* நிகழ்தகவு
* இட ஒதுக்கீடு
* ராயபுரம்